இரண்டாமவரின் மனக்கணக்கு

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சங்கு முத்திரை பதித்த திருவிதாங்கூர் வெள்ளி நாணயம் ஒன்றை ஓர் இணைய ஏலத்தில் 2,400 ரூபாய் வரை கேட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறொருவர் 2,450-க்கு எடுத்துவிட்டார். நான்கு நாள் கழித்து, எடுத்தவர் பணம் கட்டவில்லை என்றும் 2,400-க்கே நாணயத்தைத் தருவதாகவும் விற்பவரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. கைவிட்டுப் போன பொருள் தேடி வந்தால் அது நமக்கென்று எழுதி வைத்தது, தட்டக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களாம். அந்த நம்பிக்கை, விலை நியாயமா என்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வாசகர் கேட்டிருப்பதோ விலையைப் பற்றித்தான். ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

இணைய ஏலத்தில் நம்முடைய உச்சத் தொகையை ஒருமுறை பதிந்துவிட்டால் போதும். போட்டியாளரை முந்துவதற்குத் தேவையான அளவுக்கு மட்டும் மென்பொருள் நமக்காகப் படிப்படியாக ஏற்றிக் கேட்கும். ஆகவே எடுத்தவர் கட்டுவது தம்முடைய உச்சத்தை அல்ல, இரண்டாமவரின் உச்சத்துக்கு மேல் ஒரு படியைத்தான். ஒவ்வொருவரும் தம் தொகையை எழுதி உறையில் மூடிக் கொடுக்கும் ஏலத்தில், அதிகம் எழுதியவர் இரண்டாவது பெரிய தொகையைக் கட்டினால் போதும் என்று வைத்தால், பொருளின் மதிப்பாக மனத்தில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் ஒவ்வொருவருக்கும் நல்லது என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் நிறுவினார். அவருக்கு 1996-இல் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றாம் நாள் அவர் காலமானார்.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு நுணுக்கம். அதைக் குளச்சல் கடற்கரையில் நடக்கும் மீன் ஏலத்திலேயே பார்க்கலாம். ஒரு நெய்மீனைச் சுற்றி நாலைந்து பேர் நிற்கிறார்கள். விலை ஏற ஏற ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்கிறார்கள். கடைசியில் இருவர் மிஞ்சுகிறார்கள். அவர்களில் ஒருவர் தலையை அசைத்து விலகியதும், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று ஏலம் முடிகிறது. எடுத்தவர் இன்னும் எவ்வளவு வரை போயிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அந்தத் தொகை அவருடைய மனத்தோடே போய்விடும். விலகியவரின் எல்லை மட்டும் கரையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுகிறது. ஏலம் என்பது இரண்டாமவரின் மனக்கணக்கைத் துல்லியமாக அளந்து வெளியே வைக்கும் ஒரு கருவி. பொருள் அவருக்குக் கிடைக்காத வரை அதனால் அவருக்கு நட்டமில்லை. பொருளை அவரிடமே விற்க வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது, ஏனென்றால் அவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை விற்பவர் முன்கூட்டியே அறிந்துகொண்டு வருகிறார்.

வாசகர் அனுப்பிய பட்டியலில் மூன்றாமவர் 1,500-இல் நின்றுவிட்டார். படி 50 ரூபாய். பணம் கட்டாத அந்த நபர் ஏலத்துக்கே வராமல் இருந்திருந்தால், நம் வாசகர் நாணயத்தை 1,550-க்கு எடுத்திருப்பார். 1,550-க்கும் 2,400-க்கும் இடையிலுள்ள 850 ரூபாயை ஏற்றிவிட்டவர், வாங்காமலே போன ஒருவர்.

எடுத்தவர் பணம் கட்டாவிட்டால் தோற்றவரிடமே பொருளை விற்க முன்வரும் இந்த வசதி, ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ‘இரண்டாம் வாய்ப்பு’ என்ற பெயரிலேயே இருக்கிறது. அதில் சொல்லப்படும் விலை, தோற்றவர் கேட்ட உச்சத் தொகைதான். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். “2,400 தருகிறேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்” என்று விற்பவர் கேட்கலாம். சொன்னது உண்மை. ஆனால் போட்டிக்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை என்ற விதியை நம்பித்தான் அவர் தம் உச்சத்தை மறைக்காமல் பதிந்தார். அந்த விதியின் பலனைக் கொடுக்காமல், அதன் பேரில் அவர் வெளியிட்ட தொகையை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை என்றே நான் கருதுகிறேன்.

இதில் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு. விற்பவரே வேறு பெயரில் நுழைந்து விலையை ஏற்றலாம். வழக்கமாக இப்படிப்பட்ட பொய்க் கேட்பில் அவருக்கும் பயம் இருக்கும்: ஒரு படி கூடிவிட்டால் பொருள் அவர் தலையிலேயே விழுந்துவிடும். இரண்டாம் வாய்ப்பு அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறது. மிக உயர்ந்த தொகையைப் பதிந்து, உண்மையான வாங்குபவரின் எல்லையை முழுவதுமாகத் தெரிந்துகொண்டு, “எடுத்தவர் ஓடிவிட்டார்” என்று சொல்லி அதே எல்லையில் விற்றுவிடலாம். தக்கலை வாசகருக்கு நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான விற்பவருக்கும் பணம் கட்டாத ஆள் வாய்ப்பதுண்டு. இரண்டு நிகழ்வுகளும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் விதியின் குறை. இதை அறிந்தவர்கள் அடுத்த முறை 2,400 மதிப்புள்ள பொருளுக்கு 1,800 என்றே பதிவார்கள்; நேர்மையான விற்பவரும் அதனால் இழப்பார்.

வங்கிகள் அடமானச் சொத்துகளை ஏலம் விடும் சர்ஃபேசி சட்ட விதிகள் இங்கே தெளிவாக இருக்கின்றன. எடுத்தவர் மீதித் தொகையைக் கட்டத் தவறினால் அவர் செலுத்திய 25 சதவீதம் பறிமுதலாகும். சொத்தை மறுபடியும் விற்க வேண்டும். இணைய ஏலத்திலும் முன்பணம் வாங்கினால் ஓடிப்போகிறவர்கள் குறைவார்கள். மறு ஏலம் சிரமம் என்றால், ஓடிப்போனவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு மென்பொருளே விலையை மறுபடி கணக்கிடலாம். அதற்கு வேண்டிய எண்கள் எல்லாம் அதனிடமே இருக்கின்றன. விற்பவரிடம் அதே போன்ற இரண்டாவது நாணயம் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது: இரண்டு பொருளுக்கு மூன்று பேர் போட்டியிட்டால், விலையைத் தீர்மானிக்க வேண்டியவர் மூன்றாமவர்.

எனவே தக்கலை வாசகர், செய்தி தளத்தின் உள்ளேதான் வந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்; இரண்டாம் வாய்ப்பு என்ற பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பித் தளத்துக்கு வெளியே பணம் கேட்கும் மோசடிகள் உண்டு. செய்தி உண்மையானது என்றால், மூன்றாமவர் நின்ற இடத்தைக் காட்டி, 1,550-க்குத் தர முடியுமா என்று விற்பவரிடம் எழுதிக் கேட்கலாம்.