ஓடுகிற சர்வரில் எப்போது கை வைப்பது?

“சார், பில் நம்பர் போட்டுத் தேடினா வரமாட்டேங்குதுங்க. ஆனா லிஸ்டுல பார்த்தா அதே பில் இருக்குதுங்க.”

2024 பிப்ரவரியில், கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து எனக்கு வந்த போன் இது. அந்த மேடம் தேடிக்கொண்டிருந்தது ஒத்திகைக்காக நாங்கள் எழுப்பியிருந்த புது சர்வரில். அசல் சர்வர் அதே அறையில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. இதே போன் இயங்குதளம் மாற்றிய மறுநாள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

நடந்தது இதுதான். டவுன்டைம், அதாவது சர்வர் நிற்கும் நேரம், குறைவாக இருக்கட்டும் என்று, பழைய சர்வரின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை ராக்கி லினக்ஸ் 9 போட்ட புது சர்வருக்கு ரெப்ளிகேஷன் (உள்ளதை உள்ளபடியே தொடர்ந்து நகலெடுக்கும் முறை) மூலம் அப்படியே கொண்டுவந்தோம். இரண்டு பக்கமும் ஒரே போஸ்ட்கிரெஸ் பதிப்பு. சர்வர் எழுதிவைக்கும் லாகில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் எழுத்துகளை வரிசைப்படுத்தும் வேலையை வழக்கமாக போஸ்ட்கிரெஸ் தானே செய்வதில்லை; இயங்குதளத்தில் இருக்கும் ஜிலிப்சி என்ற நூலகத்திடம் கேட்கிறது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது ஜிலிப்சி 2.17. ராக்கி 9-இல் 2.34. இடையில் 2018-இல் வந்த 2.28 பதிப்பில் வரிசை விதிகள் பெரிய அளவில் மாறிவிட்டன. 11, 1-1 என்ற இரண்டையும் அமெரிக்க ஆங்கில அமைப்பில் வரிசைப்படுத்தச் சொன்னால், பழைய ஜிலிப்சி 11-ஐ முதலில் வைக்கும். 2.28 முதல் 1-1 முன்னால் வந்துவிடும்.

அந்த நிறுவனத்தின் பில் எண்கள் எல்லாவற்றிலும் நடுவில் ஒரு கோடு உண்டு. இன்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேடுவதற்கு டேட்டாபேஸ் வைத்திருக்கும் பட்டியல், பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது, தேடுவது புது வரிசையில். அகராதியில் ஒருவர் சொற்களை ஒரு முறைப்படி அடுக்கிவைக்க, இன்னொருவர் வேறு முறைப்படி புரட்டினால் எப்படியோ அப்படி. சொல் உள்ளே இருக்கும், கைக்குக் கிடைக்காது. முழு லிஸ்ட் எடுக்கும்போது இன்டெக்ஸைத் தொடாமல் அட்டவணையை வரிசையாகப் படிப்பதால் பில் தெரிந்தது.

தேடினால் வரவில்லை என்பதாவது கண்ணுக்குத் தெரிந்தது. அதைவிடப் பயங்கரமானது யுனிக் இன்டெக்ஸ். ஒரு பில் எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதும் அந்த இன்டெக்ஸ்தான். அது ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அதே எண்ணில் இன்னொரு பில் உள்ளே போய்விடும். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போதுதான் அது தெரியவரும். புது சர்வரை எழுதும் நிலைக்கு மாற்றியதும் எல்லா இன்டெக்ஸையும் ரீஇன்டெக்ஸ் செய்தால், அதாவது புது வரிசையில் மறுபடி அடுக்கினால், சரியாகிவிடும். அல்லது டேட்டாவை டம்ப்பாக வெளியே எடுத்து, புது சர்வரில் ரீஸ்டோர் செய்தால் இந்தப் பிரச்சினையே வராது. தெரிந்தவர்களுக்கு ஒரு மணி நேர வேலை. தெரியாமல் ப்ரொடக்‌ஷனில் இறங்கியவர்களுக்கு எத்தனை நாள் தூக்கம் போகும் என்று சொல்ல முடியாது. லினக்ஸின் வேறு வகைகளில், உபுண்டு 18.04-இலிருந்து 20.04-க்கும், டெபியன் 9-இலிருந்து 10-க்கும் போனவர்களும் இதே பள்ளத்தைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அந்த வழியில் வந்த டேட்டாபேஸ் உங்களிடம் இருந்தால், இன்டெக்ஸைச் சரிபார்க்கும் ஆம்செக் என்ற போஸ்ட்கிரெஸ் எக்ஸ்டென்ஷனை வைத்து இன்றைக்கே ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. சர்வர் இயங்குதளத்தை எப்போது மாற்றுவது என்று கேட்கும் எல்லோரும் புதுப் பதிப்பு வெளியான தேதியையோ பழையதன் ஆதரவு முடியும் தேதியையோதான் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில், ஒத்திகைக்கு எத்தனை வாரம் கிடைக்கும் என்பதுதான் நாளைத் தீர்மானிக்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது 2024 ஜூன் 30. நாங்கள் பிப்ரவரியிலேயே ஒத்திகை பார்த்ததால் அந்த போன் ஒரு தகவலாக வந்தது. ஜூன் கடைசி வாரத்தில் ஆரம்பித்திருந்தால் ஒத்திகையைத்தான் முதலில் வெட்டியிருப்போம்.

“நல்லாத்தானே ஓடிட்டிருக்கு, ஓடுற வண்டியில எதுக்குங்க கை வைக்கணும்?” என்று முதலாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. இதற்கு நான் சொல்லும் பதில்: ஆதரவு முடிந்த பிறகு வண்டி ஓடும், ஆனால் பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ஆள் வரமாட்டார்கள். அதோடு, புதுப் பதிப்புக்கு ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஒன்று வரும்போது, அதைப் பிரித்துப் பார்த்தாலே பழைய பதிப்பில் எங்கே ஓட்டை என்று தாக்குபவர்களுக்குத் தெரிந்துவிடும். 2017 மார்ச்சில் விண்டோஸில் ஃபைல் பகிர உதவும் எஸ்எம்பி-யில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது. மே 12 அன்று, ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை அதே ஓட்டை வழியே பரவியது. விண்டோஸ் சர்வர் 2003-க்கு ஆதரவு 2015-லேயே முடிந்திருந்ததால் அதற்கு மார்ச்சில் பொது பேட்ச் கிடையாது. தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரமாக ஒன்றைக் கொடுத்தார்கள்.

அதற்காகப் புதுசு வந்த அன்றைக்கே தாவச் சொல்லவில்லை. சென்ட்ஓஎஸ் 7 முடிந்த மறுநாள், 2024 ஜூலை 1 அன்று, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் பெரிய ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது. அது இருந்தது 8.5 முதல் 9.7 வரையான பதிப்புகளில். சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்த 7.4-ஐ அது தொடவில்லை. ‘பார்த்தீர்களா, பழசுதான் பத்திரம்’ என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். புது பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு உடனே பேட்ச் வந்தது. அடுத்த ஓட்டை பழைய பதிப்பில் இருந்தால் யார் தருவார்கள்?

உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 24.04 பதிப்பு 2024 ஏப்ரலில் வந்தாலும், 22.04 வைத்திருந்தவர்களுக்கு அப்கிரேட் வாய்ப்பு அதன் முதல் திருத்தமான .1 பதிப்பு வந்த பிறகே என்று இருந்தது. 24.04.1 ஆகஸ்ட் 29-இல் வந்தது. அப்போதும் அப்கிரேட் கருவியிலேயே கோளாறு இருந்ததால் சில நாட்கள் நிறுத்திவைத்தார்கள். ஆகவே என் கணக்கு எளிது. வெளியாகி ஆறு மாதமாவது போகட்டும். ஆதரவு முடிய ஒரு வருடம் இருக்கும்போது ஒத்திகையைத் தொடங்கிவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த நாள் என்பதை உங்கள் வியாபாரத்தின் நாட்காட்டி சொல்லும். மாதம் 11, 20 தேதிகளை ஒட்டி ஜிஎஸ்டி தாக்கல், மார்ச் கடைசி வேண்டவே வேண்டாம், ஜவுளிக் கடை என்றால் ஆடியும் தீபாவளியும் கூடாது.

இருக்கிற சர்வரிலேயே மேலே மேலே அப்கிரேட் செய்வது எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் புதிதாக ஒன்றை எழுப்பி மாற்றுவதில் திரும்பிப் போக வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியும் கொஞ்ச நேரத்துக்குத்தான் திறந்திருக்கும். புது டேட்டாபேஸில் முதல் பில் விழுந்துவிட்டால், பழையதற்குத் திரும்பினால் அந்த பில் போய்விடும். எத்தனை மணி வரை ரோல்பேக் செய்யலாம், யார் அதை முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதி, முதலாளியின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை நாலு மணிக்குக் களைத்துப்போன மூளை எடுக்கும் முடிவை நான் நம்புவதில்லை.

ஒத்திகையில் இன்னொன்றும் அகப்பட்டது. வாசலில் இருந்த பழைய பஞ்சிங் மெஷின், தினமும் இரவு வருகைப் பதிவை சர்வருக்கு எஸ்எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறையில் அனுப்பும். அதற்குத் தெரிந்தது ஷா-1 என்ற பழைய டிஜிட்டல் கையொப்ப முறை மட்டுமே. ராக்கி 9 அதை ஏற்காது. இணையத்தில் தேடினால் முழு சர்வரின் குறியாக்கக் கொள்கையையும் பழைய நிலைக்கு இறக்கும் ஒரே வரிக் கட்டளை கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு மெஷினுக்காக வீட்டின் எல்லாப் பூட்டையும் மாற்றுவது அது. நாங்கள் மெஷினில் இருக்கும் ஃபைலை எடுத்துவர உள் நெட்வொர்க்கில் தனியாக ஒரு சிறிய கணினி வைத்தோம். பழைய பைத்தான் 2 மொழியில் எழுதிய, குறித்த நேரத்தில் தானாக ஓடும் இரண்டு கிரான் வேலைகளும் இருந்தன, அவற்றை மாற்றி எழுத ஒரு நாள் போதுமாக இருந்தது.

மே 25, சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மாற்றினோம். ரீஇன்டெக்ஸ் முடிய நாற்பது நிமிடம். ஞாயிறு காலை கணக்குப் பிரிவு மேடம் வந்து, பிப்ரவரியில் கிடைக்காமல் போன அதே பில் எண்ணை முதலில் போட்டுப் பார்த்தார். வந்தது. அப்புறம் அதே எண்ணில் இன்னொரு பில் போட முயன்றார், சர்வர் மறுத்தது. அதன் பிறகுதான் பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றினேன்.

அதே நிறுவனத்தில் ஊதியப் பட்டியலுக்கு ஒரு விண்டோஸ் சர்வர் 2016 இருக்கிறது. அதற்கு ஆதரவு முடியும் நாள் 2027 ஜனவரி 12. பெட்டியின் முகப்பில் அந்தத் தேதியை ஒட்டிவைத்திருக்கிறோம், அதற்குக் கீழே ஒத்திகை தொடங்கும் மாதத்தையும்.