"சார் கிளாஸே எடுக்கிறதில்ல"

ஆன்லைன் பாடத்தில் ஃபிளிப்டு கிளாஸ்ரூம் (பாடத்தை வீடியோவில் முன்பே பார்த்துவிட்டு வந்து, வகுப்பில் பயிற்சி செய்யும் முறை) நடத்தும் ஆசிரியருக்கு இந்தக் குறை வந்தே தீரும்: "சார் கிளாஸே எடுக்கிறதில்ல. வீடியோ பார்த்துட்டு வாங்கன்னு சொல்லிட்டு, வந்ததும் கணக்கு போடச் சொல்றார்." பொறியியல் மாணவர்களிடம் பல பருவங்களாக இதைக் கேட்டுவருகிறேன். கேட்டவுடன் மனம் வலிக்கும். ஆனாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டிய குறை இது.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. தாங்களே கணக்குப் போட்டு, விவாதித்துப் படித்தவர்கள், விரிவுரை கேட்டவர்களைவிடத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் "குறைவாகத்தான் கற்றோம்" என்று சொன்னவர்களும் அவர்களே. சரளமான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றும். தானே முட்டி மோதும்போது ஒன்றுமே தெரியாததுபோல் இருக்கும். இதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்தத் திணறல் இயல்பானது என்று தெரிந்தால் பயம் குறைகிறது.

அதற்காக மாணவர்கள் சொல்வதெல்லாம் வெறும் தோற்றம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் வீடியோவை மனதாரப் பாராட்டுகிறார்கள். ஆங்கில விளக்கத்தை நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மறுபடி கேட்க முடிகிறதே! ஆனால் சந்தேகம் வரும் இரவு பதினோரு மணிக்குக் கேட்க ஆளில்லை. நேரடி வகுப்பில் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் கண்டுகொள்வார். கேமரா அணைந்திருக்கும் வகுப்பில் அதற்கும் வழியில்லை. அதனால், "வீடியோவில் எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்?" என்ற ஒரே கேள்வியை முந்தைய நாளே அனுப்பிவிடுகிறேன். மதிப்பெண் கிடையாது. அந்தப் பதில்களிலிருந்துதான் வகுப்பு தொடங்கும்.

வீடியோவின் நீளமும் முக்கியம். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஆறு நிமிடத்தைத் தாண்டியதும் மாணவர்கள் விலகத் தொடங்குவது தெரிந்தது. நாமோ ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவேற்றுகிறோம். ஐந்து ஆசிரியர்கள் ஆளுக்கு நாற்பது நிமிட வீடியோ கொடுத்தால், அது மாணவருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். மொபைல் டேட்டா செலவு தனி. இந்தக் கூட்டுத்தொகை எந்த ஆசிரியரின் கண்ணிலும் படுவதில்லை. பருவம் தொடங்குமுன் துறைக் கூட்டத்தில் எல்லாப் பாடங்களின் வீடியோ நேரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அந்த மொத்தத்துக்கு வரம்பு வைத்த பிறகே பதிவைத் தொடங்குங்கள்.