காசநோய் மாத்திரை இலவசம் என்பதால் வீரியம் குறைந்துவிடாது

இந்த வாரமும் ஒருவர் வந்தார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் என்று கண்டுபிடித்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். "கவர்மெண்ட் மாத்திரைல பவர் இருக்காது மாப்ள" என்று மாமனார் சொல்ல, அதை ஓரமாக வைத்துவிட்டுக் கடையில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். மூன்றாவது மாதம் பணம் தட்டுப்பாடு, இருமலும் நின்றிருந்தது, விட்டுவிட்டார். இப்போது சளியில், காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமி. இனி வேறு மருந்துகள், அடிக்கடி ஈசிஜி, ரத்தப் பரிசோதனை.

நானும் தனியார் கிளினிக் நடத்துகிறவன்தான். கேளுங்கள். அரசு தரும் அந்த ஒரு மாத்திரைக்குள் ஐசோனியசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்பியூட்டால் 275 மில்லிகிராம் இருக்கின்றன. கடையில் வேறு பெயரில் விற்பதும் இதே நான்கு மருந்துகள்தான். "அப்புறம் ஏன் டாக்டர் ஒரே நேரத்துல நாலு மாத்திரை?" என்பார்கள். உடல் எடைதான் கணக்கு: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. மாத்திரையில் வீரியம் குறைவு என்பதற்காக எண்ணிக்கையைக் கூட்டவில்லை. அட்டையில் விலை இல்லை, 'விற்பனைக்கு அல்ல' என்று இருக்கிறது, அதைப் பார்த்தே பாதிப் பேருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம்.

இலவச மாத்திரையை வீட்டில் இருந்தபடி சாப்பிட்டாலே போதும், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வேண்டியதில்லை என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னைதான். 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தின் ஆய்வு அது, முடிவு 1959-ல் வெளிவந்தது.

தனியாரில் காட்டுவது தவறே இல்லை. வேலைக்குப் போகிறவரால் காலையில் வரிசையில் நிற்க முடியாது, புரிகிறது. ஆனால் தனியாரில் காட்டினாலும் உங்கள் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும், 2012 முதல் அது கட்டாயம். பெயரைக் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறைக்காதீர்கள். பதிவு செய்தால் மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும்.

என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: நாள்பட்ட இருமலுக்குச் சளியைச் சோதிக்காமல் லிவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதாதீர்கள். காசநோய் கொஞ்ச நாள் அடங்கிக் கிடக்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளியைக் கொடுங்கள், எச்சிலை அல்ல. இருமல் நின்றது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். வெளியூர் போகிறீர்களா, புறப்படும் முன்பே சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்கள், போகிற ஊரில் மாத்திரை கிடைக்க ஏற்பாடு செய்வார். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதையும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் குழந்தைக்குத் தடுப்பு மருந்து தருவார்கள், அதுவும் இலவசம்தான். தயவுசெய்து கேட்டு வாங்கிக் கொடுங்கள்.