மாலைப் பயிற்சிக்குப் பிறகு இரவு உணவு: உடலுக்குள் நடப்பது என்ன?

அலுவலக வேலை முடிந்து ஏழு மணிக்கு ஜிம்முக்கோ நடைப்பயிற்சிக்கோ போய், எட்டரை ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிற பலரையும் ஒரே சந்தேகம் வாட்டுகிறது. இந்த நேரத்தில் சாப்பிட்டால் இவ்வளவு நேரம் வியர்வை சிந்தியது வீணாகிவிடாதா, எரித்த கொழுப்பு மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளாதா என்பதே அது. இந்த அச்சத்தால் ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறவர்கள் ஏராளம். எடையைக் குறைக்க வேண்டும் என்று உண்மையான அக்கறையோடு முயல்கிறவர்களே இதில் அதிகம் சிக்குகிறார்கள் என்பதுதான் வருத்தமானது. பயிற்சி முடிந்த பின் அடுத்த சில மணி நேரத்தில் தசைகளுக்குள் நடப்பதைப் பார்த்தால், அளவாகச் சாப்பிட்ட அந்த இரவு உணவு முதலில் போய்ச் சேரும் இடம் தொப்பை அல்ல என்பது விளங்கும்.

தசைகளுக்கு எரிபொருள் முக்கியமாக இரண்டு: கொழுப்பும் குளுக்கோஸும். மெதுவாக நடக்கும்போது கொழுப்பின் பங்கு அதிகமாக இருக்கும். வேகமும் பளுவும் கூடக்கூடக் குளுக்கோஸின் பங்கு உயரும். இந்தக் குளுக்கோஸை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் கோத்துச் சேமித்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் சராசரியாக 400 கிராம் அளவிலும், கல்லீரலில் 80 முதல் 100 கிராம் அளவிலும் இது இருக்கும். கல்லீரலில் இருப்பது இரத்தச் சர்க்கரையைச் சமநிலையில் வைப்பதற்காக உடல் முழுவதற்கும் பயன்படும். தசையில் இருப்பதோ அந்தத் தசைக்கு மட்டுமே சொந்தம்; சேமித்த குளுக்கோஸை மீண்டும் இரத்தத்தில் விடுவதற்குத் தேவையான நொதி தசைச் செல்களில் கிடையாது. ஆகவே கால்களுக்குப் பயிற்சி கொடுத்தால் கால் தசைகளின் இருப்புதான் குறையும். அதை நிரப்ப வேண்டிய தேவையும் அந்தத் தசைகளுக்கே ஏற்படும்.

நிரப்பும் வேலை எப்படி நடக்கிறது என்பது சற்று நிதானித்துப் பார்க்க வேண்டிய விஷயம். குளுக்கோஸ் தசைச் செல்லின் சவ்வைத் தானாகக் கடந்துவிட முடியாது. அதை உள்ளே கொண்டுபோக குளுட்-4 என்னும் புரதம் வேண்டும். ஓய்வு நேரத்தில் இந்தப் புரதம் பெரும்பாலும் செல்லுக்குள் நுண்ணிய பைகளில் அடைபட்டுக் கிடக்கிறது. சாப்பிட்ட பின் இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்து, செல்லின் வெளிப்புறத்தில் உள்ள ஏற்பியோடு இணைந்தால், அந்தப் பைகள் நகர்ந்து சவ்வை அடைகின்றன. குளுக்கோஸ் உள்ளே நுழைய வழி பிறக்கிறது. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் தூண்டாமலேயே அதே குளுட்-4 சவ்வுக்கு வந்துவிடுகிறது. சுருக்கத்தின்போது வெளியாகும் கால்சியமும், செல்லில் ஆற்றல் குறைவதை உணர்கிற ஒரு நொதியும் அதற்கான தூண்டுதல்களில் சில. இன்சுலினின் துணையின்றி நடக்கும் இந்த உறிஞ்சல் பயிற்சி முடிந்த ஓரிரு மணி நேரத்தில் தணிந்துவிடும். அதன் பிறகும் பயிற்சி செய்த தசைகள் இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கும் நிலையில், ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரைகூட இருக்கின்றன. அதாவது, குறைந்த இன்சுலினைக் கொண்டே அவை அதிகக் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன.

இது உழைத்த தசைக்குள்ளேயே ஏற்படும் மாற்றம் என்பதை 1966ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர்கள் ஜோனஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹல்ட்மனும் தங்கள் உடம்பிலேயே செய்து காட்டினார்கள். பயிற்சி மிதிவண்டி ஒன்றின் இரு பக்கங்களிலும் ஆளுக்கொருவராக அமர்ந்து, ஒற்றைக் காலால் மட்டும், களைத்துப் போகும்வரை மிதித்தார்கள். மற்றொரு கால் ஓய்வில் இருந்தது. பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, இரண்டு கால்களிலிருந்தும் ஊசியால் தசைத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தார்கள். உழைத்த காலில் கிளைகோஜன் பழைய அளவுக்குத் திரும்பியதோடு நிற்காமல், ஓய்வில் இருந்த காலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சேர்ந்திருந்தது. இரண்டு கால்களிலும் ஓடியது ஒரே இரத்தம். அதில் இருந்தது ஒரே சர்க்கரை, ஒரே இன்சுலின். வேறுபாடு, வேலை செய்த தசையில் மட்டுமே இருந்தது. அந்த இரண்டு பேர் செய்த எளிய சோதனை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பின்னாளில் நீண்டதூர ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முன் மாவுச்சத்தைக் கூட்டிச் சாப்பிடும் பழக்கத்துக்கு அடித்தளம் இட்டதும் இத்தகைய ஆய்வுகளே.

இதை வைத்துக்கொண்டு, பயிற்சிக்குப் பின் எதைத் தின்றாலும் தசைக்குள் போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது. முக்கால் மணி நேர நடை கிளைகோஜனைக் கொஞ்சமாகத்தான் குறைக்கும். ஒரு மணி நேரம் பளு தூக்கியவருக்கும் வேகமாக ஓடியவருக்கும் உள்ள தேவை நடந்தவருக்கு இல்லை. மேலும், மாவுச்சத்து நேரடியாகக் கொழுப்பாக மாறுவது சாதாரண உணவில் மிகச் சிறிய அளவிலேயே நடக்கிறது என்றாலும், மாவுச்சத்து வந்து சேர்ந்தவுடன் உடல் அதை முதலில் எரிக்கத் தொடங்கி, கொழுப்பை எரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. தேவைக்கு மேல் சாப்பிட்டால், உணவில் உள்ள கொழுப்பு எரியாமல் தங்குவது இவ்வழியில்தான். ஆகவே ஒரு வேளையில் என்ன எரிந்தது என்பதைவிட, முழு நாளிலும், வாரம் முழுவதிலும் வந்ததும் போனதும் எவ்வளவு என்பதே உடலின் கொழுப்பை முடிவு செய்கிறது.

ஜிம்களில் இதற்கு நேர்மாறான இன்னொரு நம்பிக்கை உலவுகிறது. பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஏதாவது உள்ளே போகாவிட்டால் எல்லாம் பாழ் என்பார்கள். இதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1988இல் உடற்பயிற்சி ஆய்வாளர் ஜான் ஐவியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், பயிற்சி முடிந்த உடனே மாவுச்சத்தை எடுத்துக்கொண்டபோது இருந்ததைவிட, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக்கொண்டபோது தசையில் கிளைகோஜன் சேரும் வேகம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் 1997இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, இரண்டு மணி நேரம் தாமதித்தாலும் எட்டு மணி நேரத்திலும் இருபத்து நான்கு மணி நேரத்திலும் பார்த்தால் சேர்ந்திருக்கும் அளவு ஒன்றாகவே இருப்பதைக் காட்டியது. அதே இரவில் மறுபடி ஓடப் போகிறவருக்குத்தான் அந்த அவசரம். மறுநாள் மாலை மீண்டும் பயிற்சிக்குப் போகிறவர் வீட்டுக்கு வந்து, குளித்து, நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம்.

எடை குறைக்க முயல்பவருக்கு உண்மையில் கவலை தர வேண்டியது மாவுச்சத்து அல்ல, புரதம். தேவையைவிடக் குறைவாகச் சாப்பிடும்போது உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை. தசையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எடைப்பொறி இந்த இரண்டுக்கும் வேறுபாடு காட்டாது. பளுப்பயிற்சி செய்த தசையில் பழைய புரதம் சிதைவதும் புதிய புரதம் உருவாவதும் இரண்டுமே வேகம் பிடிக்கின்றன. புதிது உருவாகும் வேகம் ஒன்றிரண்டு நாட்கள்வரை உயர்ந்தே இருக்கும். ஆயினும் உணவிலிருந்து, புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் வந்து சேராதவரை வரவைவிடச் செலவே மிஞ்சும். பயிற்சி செய்துவிட்டுப் பட்டினியாகப் படுப்பவர், காலைவரை அந்த நிலையை நீட்டிக்கிறார்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. இளைஞர்கள் இரவு 8 மணிக்குப் பளுப்பயிற்சி செய்தார்கள். 9 மணிக்கு எல்லோருக்கும் புரதமும் மாவுச்சத்தும் கலந்த பானம் தரப்பட்டது. பதினொன்றரை மணிக்கு, படுப்பதற்குச் சற்று முன், ஒரு பகுதியினருக்கு மட்டும் பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம் 40 கிராம் கொடுத்தார்கள். தூக்கத்திலும் அந்தப் புரதம் முறையாகச் செரித்து உறிஞ்சப்பட்டது. இரவு முழுவதும் தசைப் புரதம் உருவாகும் வேகம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரவில் செரிமானம் நின்றுவிடும் என்று பலர் நம்புவது சரியல்ல என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு 2016இல் இன்னொரு கோணத்தைக் காட்டியது. உடல் பருமன் கூடிய 40 இளைஞர்கள் நான்கு வாரம் தேவையைவிட 40 சதவீதம் குறைவாக உண்டு, கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், 2.4 கிராம் உண்டவர்களோ 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடவும் பெற்றார்கள்.

அவ்வளவு புரதம் நம்மில் எல்லோருக்கும் வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பொதுவாகப் பரிந்துரைப்பது கிலோவுக்கு 0.83 கிராம், எடையைக் குறைத்துக்கொண்டே பயிற்சி செய்பவருக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவை. ஒரு வேளைக்கு 20 முதல் 25 கிராம் கிடைத்தால் தசைக்கு நல்ல தூண்டுதலாக அமையும். நம் ஊர் டிபன் இங்கேதான் ஏமாற்றுகிறது. ஓர் இட்லியில் இருக்கும் புரதம் சுமார் 2 கிராம். சட்னியோடு நான்கு இட்லி சாப்பிட்டால் வயிறு நிறையும், ஆனால் புரதம் பத்து கிராமைத் தாண்டுவதே கடினம். மூன்று இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு கெட்டியாக உள்ள சாம்பார், இரண்டு அவித்த முட்டை என்று தட்டை மாற்றினால் 20 கிராமைத் தாண்டிவிடும். கலோரியோ 400 முதல் 450க்குள் அடங்கும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலும் 50 கிராம் பனீரும் சேர்த்துக்கொள்ளலாம். மீனோ கோழியோ குழம்பில் இருந்தால் கணக்கு இன்னும் எளிது.

கலோரிக் கணக்கில் நாம் தடுமாறும் இடம் வேறு. 70 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் செலவாவது ஏறத்தாழ 350 கிலோகலோரி. அதே தொலைவை நடந்தால் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும். 30 கிராம் வறுத்த வேர்க்கடலை, அதாவது ஒரு கைப்பிடி, 170 கிலோகலோரி. தோசையைச் சுற்றி ஊற்றும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45. பயிற்சி முடிந்த பிறகும் உடல் கூடுதலாக எரித்துக்கொண்டே இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது பயிற்சியில் செலவானதில் ஒரு சிறு பங்கே. நியூயார்க்கில் 1992இல் ஓர் ஆய்வு நடந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று கூறிய பத்துப் பேர் உண்மையில் உண்ட அளவையும் செலவிட்ட ஆற்றலையும் அளந்தார்கள். தாங்கள் உண்டதை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். வியர்வை உழைப்பைப் பெரிதாகக் காட்டுகிறது. கண்ணளவு உணவைச் சிறிதாகக் காட்டுகிறது. யாருக்கும் நேர்வது இது.

இன்னொரு சிக்கல் பசியின் நேரம். கடுமையான பயிற்சி, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற இயக்குநீரைத் தற்காலிகமாகத் தணித்து, நிறைவு உணர்வைத் தருபவற்றை உயர்த்துகிறது. இந்தத் தணிவு ஒரு மணி நேரம்போல நீடித்துக் கலைந்துவிடும். ஒன்பது மணிக்குப் பசியில்லை என்று படுத்தவர் பதினொன்றரைக்கு எழுந்து மிக்சர் டப்பாவைத் திறப்பது மன உறுதிக் குறைவால் அல்ல. உடல் தள்ளிப்போட்ட பசி அது. அந்நேரத்தில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் முட்டையாகவோ சுண்டலாகவோ இருப்பதில்லை.

அப்படியானால் இரவில் தாமதமாகச் சாப்பிடுவதால் எந்தத் தீங்கும் இல்லையா? உடலின் கடிகாரம் இந்த விஷயத்தில் முற்றிலும் பாராமுகமாக இருப்பதில்லை. 2022இல் பாஸ்டனில், கூடுதல் எடையுள்ள 16 பேருக்கு அதே உணவை அதே அளவில் நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தபோது, பசி கூடியது, நிறைவைத் தெரிவிக்கும் லெப்டின் குறைந்தது, ஆற்றல் செலவும் சற்று இறங்கியது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேரிடம் நடந்த ஆய்வில், கலோரியின் பெரும்பங்கைக் காலையில் கொடுத்தாலும் இரவில் கொடுத்தாலும் எடை குறைந்த அளவு ஒன்றாகவே இருந்தது. காலையில் அதிகம் உண்டபோது பசி மட்டும் குறைவாக இருந்தது. இரண்டிலும் பங்கேற்றவர்கள் மாலைப் பயிற்சி முடித்துவிட்டு உண்டவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். என் பார்வையில் இவற்றிலிருந்து பெறக்கூடிய நடைமுறைப் பாடம், பகலில் பட்டினி கிடந்து மொத்தத்தையும் இரவில் கொட்டாமல் இருப்பதுதான். காலையிலும் மதியமும் நன்றாக உண்டு, மாலை ஐந்தரைக்கு ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் சுண்டலோ எடுத்துக்கொண்டவருக்கு, ஒன்பது மணிக்கு மிதமான உணவே போதும்.

படுப்பதற்கும் உண்பதற்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருந்தால் நெஞ்செரிச்சல் வரும் வாய்ப்பும், அதனால் தூக்கம் கெடும் வாய்ப்பும் குறையும். தூக்கத்தை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2010இல் பத்துப் பேருக்கு ஒரே குறை-கலோரி உணவைக் கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், மற்றொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் மட்டும் படுக்கையில் இருக்கவைத்தார்கள். இரண்டிலும் எடை ஏறத்தாழ 3 கிலோ இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டுமே. மீதியில் பெரும்பகுதி கொழுப்பல்லாத எடை. பசியோடு புரண்டு படுப்பதும், வயிறு முட்ட உண்டுவிட்டுப் புரண்டு படுப்பதும் இந்த வகையில் ஒன்றே.

மறுநாள் காலை எடைப்பொறியில் அரைக் கிலோ ஏறியிருந்தால் முதலில் பழியைச் சுமப்பது இரவு உணவுதான். ஒரு கிராம் கிளைகோஜனோடு குறைந்தது 3 கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. 100 கிராம் நிரம்பினால் 400 கிராம் எடை அங்கேயே வந்துவிடும். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி மிச்சமாக வேண்டும். ஓர் இரவில் அரைக் கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் கிட்டத்தட்ட 3,850 கிலோகலோரி உண்டிருக்க வேண்டும். வார சராசரியைப் பார்ப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கம் உறுத்தாது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஊசியோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் இது வெறும் எடைப் பிரச்சினை அல்ல. மாலைப் பயிற்சிக்குப் பின் தசைகள் இரவு முழுவதும் இரத்தத்திலிருந்து குளுக்கோஸைக் கூடுதலாக எடுத்துக்கொண்டே இருப்பதால், இரவு உணவைத் தவிர்த்தால் தூக்கத்திலேயே சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்கள் பயிற்சி நேரத்தை மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். படுக்கும் முன் சர்க்கரையை ஒருமுறை சோதித்துவிட்டே விளக்கை அணைக்க வேண்டும்.