அட்டாக்சியா: தள்ளாட்டமா, ஒத்தியங்காமையா?

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் போய்வரும் குமரி மாவட்டக் குடும்பங்கள் சிலவற்றின் மருத்துவக் கோப்பில் ‘அட்டாக்சியா’ என்ற சொல் இருக்கும். நடை, கையசைவு, பேச்சு எல்லாம் ஒத்துவராமல் தடுமாறும் கோளாறு அது. தமிழில் அதை எப்படிச் சொல்வது? சொல்லின் மூலம் கிரேக்கம். ‘டாக்சிஸ்’ என்றால் ஒழுங்கு, வரிசை. முன்னால் நிற்கும் ‘அ’ அதை மறுக்கிறது. ‘அநீதி’யில் வரும் அகரம் செய்யும் வேலைதான்.

அப்படியே பெயர்த்தால் ‘ஒழுங்கின்மை’ என்று வரும். தமிழிலோ அது நடத்தையைக் குறை சொல்லும் சொல். அந்தப் பழி நோயாளிக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றிருக்கிறது. காலை அகட்டி வைத்து, நாக்குழறிப் பேசுகிறவரைக் கண்டால் பஸ் நிலையத்தில் நிற்பவர்கள் குடிகாரர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ‘தள்ளாட்டம்’ மக்களின் சொல், கண்ணால் காண்பதைச் சொல்கிறது. ஆனால் அதிலும் கள் வாடை. ‘வாதம்’ என்பது இன்னும் பிழை. பக்கவாதத்தில் கைகால் வலுவிழக்கும். இங்கே தொடக்கத்தில் வலு பெரும்பாலும் குறைவதில்லை.

மருத்துவர் தம் விரலை நீட்டி, “உங்கள் மூக்கைத் தொட்டுவிட்டு என் விரலைத் தொடுங்கள்” என்பார். நோயாளியின் விரல் கிளம்பும். இலக்கை நெருங்க நெருங்க இடமும் வலமும் அலையும், சில வேளை தாண்டியே போய்விடும். அதே கையால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னால் பிடி உறுதியாக இருக்கும். தசைகளைச் சேர்த்து இயக்கும் சிறுமூளையும் அதன் இணைப்புகளும் சிதைவதால் வருவது இது. ‘ஒத்தியங்காமை’ என்பதே பொருத்தம். என் வாக்கு அதற்குத்தான்.

எல்லா ஒத்தியங்காமையும் பரம்பரை அல்ல. குடி, தைராய்டு குறைவு, பி12 குறைவு ஆகியவற்றாலும் வரும். வைட்டமின் ஈ குறைபாட்டால் வருவதும் ஒன்று உண்டு. மரபணுக் கோளாறே என்றாலும், உரிய நேரத்தில் கண்டால் அந்த வைட்டமினையே மிகுதியாகக் கொடுத்து நிறுத்திவைக்கலாம். எனவே இவற்றைப் பார்க்காமல் ‘குடும்ப நோய்’ என்று கைவிடக் கூடாது. மலையாள மருத்துவர் ‘பாரம்பர்யம்’ என்னும்போது பரம்பரையாக வருவதைத்தான் சொல்கிறார்; நம் காதில் அது ஏதோ பெருமையாக விழுகிறது!

ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரைக் 1863இல் விவரித்த வகைக்குக் காரணமான மரபணு 1996இல் தெரியவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும். பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் உறவில் மணம் முடித்த வீடுகளில் இதற்கு வாய்ப்புக் கூடுதல். வேறு சில வகைகளில் பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மணம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறுவதில் வெட்கம் எதற்கு?

பரம்பரை வகைகளை முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஃபிரீட்ரைக் வகைக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த ஒமாவெலோக்சொலோன் நோயின் வேகத்தை மட்டுப்படுத்துவதற்கானது. அவ்வகையில் இதயத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பார்க்க வேண்டும். மற்றபடி நடைப்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, குளியலறையில் கைப்பிடி. சோற்றைவிடத் தண்ணீர் எளிதாகப் புரையேறும். அது தொடங்கிவிட்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.