அறிவியலில் மதிப்பெண் குறைந்தால் வீட்டில் தமிழை ஏன் நிறுத்துகிறீர்கள்?

இந்தத் தவணைப் பெற்றோர் சந்திப்பிலும் அதே பேச்சு. தொடக்கநிலை நான்கில் படிக்கும் பையன். அறிவியலில் சறுக்கல். கணக்கில் 'பிராப்ளம் சம்' வந்தால் பாதிப் பக்கம் வெற்றாகக் கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் தீர்வை முடிவு செய்த பிறகுதான் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். "டீச்சர், அறிவியலுக்குத் தனியா டியூஷன் போட்டாச்சு. வீட்ல தமிழ் பேசறதையும் நிறுத்திட்டோம். இனிமே இங்கிலீஷ் மட்டும்தான்." பாட்டியிடமும் சொல்லிவிட்டார்களாம். பாட்டிக்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல்தான் வரும். அதனால் பேரனோடு அவர் பேசுவதே குறைந்துபோயிருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஒரே வகுப்புக்கு ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றையும் எடுக்கிறேன். சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் இது சாதாரணம். தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த பெற்றோர் பலர் "அறிவியல் டீச்சர் யார், கணக்கு டீச்சர் யார்?" என்று தேடுகிறார்கள். இரண்டும் நான்தான் என்றால் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. ஒரு பிள்ளையின் மூன்று தாள்களும் என் மேசையில் ஒன்றாக இருக்கும். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தப்பு எந்தப் பாடத்தில் பிறந்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது நீங்கள் டியூஷன் போட்ட பாடமாக இருப்பதில்லை.

அந்தப் பையனின் அறிவியல் தாளையே சொல்கிறேன். குளிர்ந்த நீர் உள்ள குவளையின் வெளிப்புறத்தில் ஏன் நீர்த்துளி படிகிறது என்ற கேள்விக்கு முழு மதிப்பெண். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பைத் தொட்டு, வெப்பத்தை இழந்து, நீராக மாறுகிறது என்று அச்சடித்தாற்போல் எழுதியிருந்தான். அதற்கு அடுத்த கேள்வி, சூடான சூப்புப் பாத்திரத்தின் மூடியைப் பற்றியது. துளிகள் மூடியின் எந்தப் பக்கம் படியும், ஏன்? அங்கேயும் அதே பதில். வெளிப்புறமாம், சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்த நீராவியாம். குவளைக்கான விடையை அப்படியே மூடிக்குத் தூக்கி வைத்துவிட்டான்.

இவனுக்கு ஆவி சுருங்குதல் தெரியாதா? தெரியும். இட்லிப் பானையின் மூடியைத் திறக்கும்போது உள்பக்கத்திலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்திருக்கிறான். நான் கேட்டபோது சொன்னான். ஏர்கான் போட்ட அறையின் சன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஈரம் படிவதையும் பார்த்திருக்கிறான். பார்த்ததைப் பற்றி யாரோடும் பேசியதில்லை, அவ்வளவுதான். சூடான, ஈரமான காற்று எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் துளி படியும் என்ற ஒரே எண்ணம் குவளை, மூடி, சன்னல் மூன்றையும் இணைக்கிறது. அந்த இணைப்பைப் பேச்சுதான் உண்டாக்கும். விடைக் குறிப்புப் புத்தகத்தில் மஞ்சள் மையடித்த 'கீவேர்ட்' உண்டாக்காது. சில டியூஷன் நிலையங்கள் தரும் 'கீவேர்ட்' பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளைகளின் தாளைத் திருத்தும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொல்லெல்லாம் சரி, விடை தப்பு.

கணக்கிலும் இதே கதைதான். "தேவியிடம் இருக்கும் ஸ்டிக்கர்கள் மெய்யிடம் இருப்பதைப் போல் மூன்று மடங்கு. இருவரிடமும் சேர்த்து 96. தேவியிடம் எத்தனை அதிகம்?" ஆங்கிலத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால், வகுப்பில் சிலர் 96-ஐ மூன்றால் வகுத்து 32 என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். வகுத்தல் சரி. கேள்வியைப் படித்ததுதான் சரியில்லை. மெய்க்கு ஒரு கட்டம், தேவிக்கு மூன்று கட்டம் என்று பட்டை வரைந்து பார்த்தால், நான்கு கட்டம் 96, ஒரு கட்டம் 24, தேவியிடம் இரண்டு கட்டம் அதிகம், அதாவது 48 என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். 1980களில் கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழு உருவாக்கிய 'மாடல்' முறை இதற்காகத்தான் இருக்கிறது. கேள்வியில் உள்ள உறவைப் பிள்ளை வரைந்து காட்ட வேண்டும். வரைய வேண்டுமென்றால் முதலில் அது புரிந்திருக்க வேண்டும்.

பொறியாளர் அப்பாக்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். தொடக்கநிலை நான்கிலேயே 'எக்ஸ்' போட்டுச் சொல்லிக் கொடுக்காதீர்கள். விடை வந்துவிடும், உண்மைதான். ஆனால் பிள்ளை உங்கள் படிகளைத்தான் நகலெடுக்கிறது, கேள்வியை யோசிப்பதில்லை. முதலில் கையில் பொருள், அப்புறம் படம், அப்புறம் குறியீடு. இந்த வரிசை தெரிந்தே வகுக்கப்பட்டது. நடுவில் தாண்டினால் ஆறாம் வகுப்பில் தள்ளாடுவார்கள்.

சரி, இனி என்னை அதிகம் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

"எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தானே டீச்சர்? வீட்டிலும் ஆங்கிலம் பேசினால்தானே புரியும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1987 முதல் இங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பாடமொழி. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலம் பள்ளியில் எப்படிக் கற்றுக்கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள். 'ஸ்டெல்லார்' என்னும் தொடக்கப்பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத்தில் முதலிரண்டு ஆண்டுகளும் பெரிய படக்கதைப் புத்தகத்தை எல்லாரும் சேர்ந்து படிப்பதில்தான் தொடங்கும். படித்த பிறகு பேச்சு. ஏன் அப்படிச் செய்தான், அடுத்து என்ன நடக்கும், உனக்கு இப்படி நடந்ததா? பேசியதை வகுப்பே சேர்ந்து எழுதும். பிறகு குழுவாக, கடைசியில் தனியாக. இவ்வளவும் நிற்பது ஒரே தூணின்மேல்: பிள்ளை பேச வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், 'ஏனென்றால்' என்று தொடங்கி ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டும்.

அந்தப் பழக்கம் வீட்டில்தான் வருகிறது. நீங்கள் எந்த மொழியில் வளமாகப் பேசுவீர்களோ அந்த மொழியில்தான் வரும். சாப்பாட்டு மேசையில் அம்மா தமிழில், "பால் பொங்கும்போது அடுப்பைக் குறைச்சா ஏன் அடங்குது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால், பிள்ளை தமிழில் யோசித்து, தப்பாகச் சொல்லி, திருத்திக்கொண்டு, கடைசியில் ஒரு காரணத்தைப் பிடிக்கும். மறுநாள் வகுப்பில் நான் வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது அந்த யோசனை அவனிடம் தயாராக இருக்கும். ஆங்கிலச் சொற்களை நான் கொடுத்துவிடுவேன். அது என் வேலை, எனக்கு அது கஷ்டமும் இல்லை. ஆனால் யோசனையே இல்லாமல் வரும் பிள்ளைக்குச் சொல்லை மட்டும் கொடுத்து என்ன செய்ய?

தமிழை நிறுத்திய வீடுகளில் அந்த இடத்தை வளமான ஆங்கிலம் நிரப்புவதில்லை. "கம் ஹியர். ஹோம்வர்க் டன்? குவிக்லி ஈட்." இவ்வளவுதான் மிஞ்சுகிறது. கட்டளையும் ஒற்றைச் சொல் கேள்வியும் மட்டும். கதை நின்றுவிடும், விளக்கம் நின்றுவிடும், பாட்டியின் ஊர்க் கதை நின்றுவிடும். இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைக்குத் தமிழும் இருக்காது, ஆங்கிலமும் ஆழமாக இருக்காது. ஆங்கிலத்தில் இயல்பாக, நிறையப் பேசும் குடும்பமா? நன்றாகப் பேசுங்கள், அதோடு தமிழையும் விடாதீர்கள். உங்களுக்கே வராத ஆங்கிலத்தில் பிள்ளையை வளர்க்க முயல்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் தமிழ் செழிப்பாகப் பேசிவிட்டு வரும் பிள்ளைகள் கொஞ்ச நாள் ஆங்கிலத்தில் தயங்குவார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். வகுப்பில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தொடக்கப்பள்ளியில் நற்குண, குடியியல் கல்விப் பாடம் தாய்மொழியில்தான் நடக்கிறது. பகிர்ந்துகொள்வது, பொறுப்பு, அண்டை வீட்டாரோடு பழகுவது இதையெல்லாம் தமிழாசிரியர் தமிழில்தான் பேசுகிறார். தமிழ் வகுப்பை, தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் 'பிஎஸ்எல்இ-யில் ஒரு தாள்' என்று மட்டும் பார்க்கும் வீட்டுப் பிள்ளை, அந்த வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

தேர்வில் வராத பாடங்கள் மேலும் பாவம். சோஷியல் ஸ்டடிஸுக்கு பிஎஸ்எல்இ கிடையாது என்றதும் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. ஆனால் கேள்வி எழுப்புவது, தகவல் தேடுவது, கிடைத்ததை எடைபோடுவது, காரணத்தோடு சொல்வது எல்லாவற்றையும் பிள்ளை அங்கே பழகுகிறது. அறிவியல் விரிவிடைக் கேள்வியும் ஆங்கில, தமிழ் வாய்மொழித் தேர்வும் கேட்பதும் அதைத்தான். முதலிரண்டு ஆண்டுகளில் 'பால்' (PAL) எனப்படும் செயல்வழிக் கற்றல் திட்டத்தில் விளையாட்டு, வெளிப்புறச் செயல்பாடு, நாடகம், ஓவியம் எல்லாம் நடக்கும். "வெறும் ஆட்டம்தானே" என்று அன்றைக்குப் பிள்ளைக்கு விடுப்பு எடுக்கும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அறிவியல் தொடக்கநிலை மூன்றில்தான் தொடங்குகிறது என்பது உண்மை. அதற்கு முன்பு உற்றுக் கவனிக்கவும் கவனித்ததைச் சொல்லவும் பிள்ளை எங்கே பழகும் என்று நினைக்கிறீர்கள்?

2019 முதல் தொடக்கநிலை ஒன்று, இரண்டில் தேர்வு இல்லை. 2023-இலிருந்து எந்த வகுப்புக்கும் அரையாண்டுத் தேர்வும் இல்லை. அந்த நேரம் கற்பிக்கவும் பேசவும் விடப்பட்டது. அதை டியூஷன் நிலையத்தின் மாதிரித் தேர்வால் நிரப்பாதீர்கள். அண்ணனின் பழைய அசெஸ்மென்ட் பயிற்சிப் புத்தகங்களையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கணக்குப் பாடத்திட்டம் 2021-இல் தொடக்கநிலை ஒன்றிலிருந்து மாறத் தொடங்கியது. பழைய புத்தகத்தில் இப்போது வேண்டியது இல்லாமலும் இருக்கும், வேண்டாததும் இருக்கும்.

என்ன செய்யலாம்? தினமும் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் மொழியில். ஈரச் சந்தையில் மீன் விலை, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே எறும்பு வரிசை, எம்ஆர்டி ரயில் வரைபடம், எதுவானாலும் சரி. பிள்ளையின் தவறான விடையைப் பார்த்ததும் அழிரப்பரை எடுக்காதீர்கள். "கேள்வி என்ன கேட்குது, உன் சொந்த வார்த்தையில் சொல்" என்று கேளுங்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. சொல்ல முடிந்தால் சிக்கல் கணக்கில். சொல்ல முடியாவிட்டால் சிக்கல் வாசிப்பில். டியூஷன் போடுவதற்கு முன் இதை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.

தொடக்கநிலை ஒன்றின் ஆரம்பத்தில் வாசிப்புக் கற்றல் ஆதரவுத் திட்டத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்தால், வெட்கப்பட்டு மறுக்காதீர்கள். சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். மூன்றாம் நான்காம் வகுப்பில் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் தனிச் சிரமம், உள்ள பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே உதவி உண்டு. வீட்டில் தமிழை நிறுத்துவதால் டிஸ்லெக்சியா போகாது, தமிழ் பேசியதால் அது வந்ததும் இல்லை. சந்தேகம் எழுந்தால் முதல் தவணையிலேயே வந்து பேசுங்கள். ஆண்டிறுதித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நவம்பரில் வந்தால், அந்த வருடத்தில் நான் செய்யக்கூடியது எதுவும் மிச்சம் இருக்காது.