‘கற்பனைக் கால்பந்து’ வேண்டாம், ‘புனையணி’ இருக்கிறது

போன வாரம் மெய்ப்புப் பார்க்க ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. அமெரிக்க விளையாட்டு எழுத்துகளைத் தமிழில் தரும் தொகுப்பு ஒன்றுக்காகச் செய்தது. அதில் ஒரு கட்டுரை 2018 ஆகஸ்டில் கிளீவ்லண்ட் பிரௌன்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி இருந்த நிலையைப் பற்றியது. தலைப்பு இப்படி இருந்தது: ‘பிரௌன்ஸ் அணியின் பருவத்துக்கு முந்தைய கற்பனைக் கால்பந்துக் கண்ணோட்டம்’. ஆங்கில ‘ஃபேண்டஸி ஃபுட்பால்’தான் இப்படிக் ‘கற்பனைக் கால்பந்து’ ஆகியிருந்தது. அதற்கு மேல் கொஞ்ச நேரம் என்னால் படிக்க முடியவில்லை.

2017-ல் 16 ஆட்டம் ஆடி 16-லும் தோற்ற அணி அது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரே ஒரு வெற்றி. 2018 ஜனவரியில் ஊர்க்காரர்கள் உறையும் குளிரில் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போய்த் தங்கள் வேதனையைக் காட்டினார்கள். அப்படிப்பட்ட அணியைப் பற்றிக் ‘கற்பனைக் கண்ணோட்டம்’ என்று தலைப்பு வைத்தால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? இவர்கள் ஜெயிப்பதைக் கற்பனையில்தான் பார்க்க முடியும் என்று குத்திக்காட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார். மூலத்தில் அப்படி எதுவுமே இல்லை. எந்த ஆட்டக்காரரை எத்தனையாவது சுற்றில் எடுக்கலாம், யாரை விட்டுவிடலாம் என்று பொறுமையாகக் கணக்குப் போட்டுச் சொல்கிற கட்டுரை. ஒரு சொல் தவறியதில் கணக்குக் கட்டுரை வசைக் கட்டுரையாகிவிட்டது.

இந்தக் ‘கற்பனைக் கால்பந்து’ என் கண்ணில் படுவது முதல்முறை அல்ல, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். எட்டோ பத்தோ பன்னிரண்டோ பேர் சேர்ந்து ஒரு லீக் அமைப்பார்கள். சீசன் தொடங்குமுன் ஒன்றாக உட்கார்ந்து, அமெரிக்கக் கால்பந்து அணிகளில் இருக்கும் உண்மையான ஆட்டக்காரர்களை முறை வைத்து ஆளுக்கு ஒருவராக எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. அப்புறம் வாராவாரம் அந்த ஆட்டக்காரர்கள் களத்தில் செய்வதற்கு ஏற்பப் புள்ளி விழும். பந்தோடு 10 கஜம் ஓடினால் 1 புள்ளி, ஓடிப் பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்த்து டச்டவுன் போட்டால் 6 என்பது வழக்கமான கணக்கு. நம் ஊரில் கிரிக்கெட்டுக்குச் செல்பேசியில் ‘டீம் போட்டவர்களுக்கு’ இதன் சாயல் தெரியும். கேப்டனுக்கு இரண்டு மடங்கு, வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு என்று கணக்குப் பார்த்தோமே, அதே குடும்பம்தான்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேண்டஸி கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘ஃபான்டசியா’ என்றால் தோற்றம், மனத்துக்குத் தோன்றுவது. அதற்கும் அடியில் இருக்கும் வினைக்கு ‘காட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுவா’ என்று பொருள். லத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, மனத்தோற்றம், ஆசை, ஆசைப்பட்டதை மனத்துக்குள் நடத்திப் பார்ப்பது என்று விரிந்தது. ஆங்கில ‘ஃபேன்சி’யும் இதன் குறுக்கம்தான். நம் கடைத்தெருவில் வளையலும் ரிப்பனும் விற்கிற ஃபேன்சி ஸ்டோர் இந்தச் சொல்லுக்குத் தங்கை முறை.

இந்த ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் அதை ஃபேண்டஸி என்று அழைக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1962-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், அணியோடு கிழக்குக் கரைக்குப் போயிருந்தபோது, நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் சக ஆட்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதினார். அந்த ஆண்டு ரெய்டர்ஸ் 14 ஆட்டத்தில் 13 தோற்ற அணி. முதல் 13-ஐயும் வரிசையாகத் தோற்று, கடைசி ஆட்டத்தில்தான் ஜெயித்தது. இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு தோற்கும் அணியின் நிழலில்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எட்டுப் பேர் கூடி முதல் தேர்வை நடத்தினார்கள். அந்த லீகுக்கு வைத்த பெயர் ‘கிரேட்டர் ஓக்லண்ட் புரொஃபஷனல் பிக்ஸ்கின் பிராக்னாஸ்டிகேட்டர்ஸ் லீக்’. பிராக்னாஸ்டிகேட்டர் என்றால் நடக்கப் போவதை முன்கூட்டிச் சொல்பவர். குறி சொல்கிறோம், கணிக்கிறோம் என்றுதான் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். கற்பனை செய்கிறோம் என்று சொல்லவில்லை.

சரி, ‘கற்பனை’க்கு வருவோம். அது வடமொழிக் கல்பனாவிலிருந்து வந்தது என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. பல நூற்றாண்டாக நம் வீட்டில் வளர்ந்த சொல். கிறித்தவத் தமிழில் அதற்குக் ‘கட்டளை’ என்றுகூடப் பொருள் உண்டு, ‘பத்துக் கற்பனைகள்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். என் சிக்கல் வேறு. கற்பனைக் கால்பந்து என்றால் கால்பந்தே கற்பனை என்று ஆகிறது. கற்பனைப் பாத்திரம் என்றால் அப்படி ஓர் ஆள் இல்லை, கற்பனை ஊர் என்றால் அப்படி ஓர் ஊர் இல்லை. தமிழில் கற்பனை எதன் தலையில் ஏறுகிறதோ அது இல்லாத பொருளாகிவிடும். இந்த ஆட்டத்திலோ ஆட்டக்காரர் உண்மை, அவர் ஓடிய கஜம் உண்மை, அவர் முழங்கால் வீங்கினால் அதுவும் உண்மை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் சேர்த்து வைத்திருக்கிற அந்தப் பதினைந்து பேரும் ஓர் அணியாக எந்த மைதானத்திலும் இறங்கப் போவதில்லை. ஆகவே அடைமொழி கால்பந்தின் மேல் ஏறக் கூடாது, அணியின் மேல் ஏற வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தவன் என் அக்கா மகன். ஓஹாயோவில் வேலை, உடன் வேலை செய்கிறவர்களோடு ஆண்டுதோறும் லீக் ஆடுகிறவன். ஒருமுறை தொலைபேசியில் நானே ‘உன் கற்பனைக் கால்பந்து எப்படிப் போகிறது’ என்று கேட்டுவிட்டேன். “மாமா, இதுல கற்பனைன்னு எதுவுமே இல்ல, எல்லாம் கணக்கு” என்றான். பிறகு 2017 பிரௌன்ஸையே எடுத்து விளக்கினான். அந்த அணியில் டியூக் ஜான்சன் என்று ஒரு ரன்னிங் பேக், அதாவது பந்தோடு ஓடுவதை முதல் வேலையாகக் கொண்டவர். அணி எல்லா ஆட்டத்தையும் தோற்றது, ஆனால் அவர் அந்த ஆண்டு 74 பந்து பிடித்து 693 கஜம் சேர்த்தார். பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் 1 புள்ளி தரும் லீகில், பிடித்த பந்துக்கு 74-ம் கஜத்துக்கு 69.3-ம் சேர்த்து 143.3 ஆயிற்று. பந்தை நேரே கையில் வாங்கி ஓடியதும் டச்டவுன்களும் இந்தக் கணக்கில் இல்லை. காரணமும் எளிது. பின்தங்கியிருக்கும் அணிக்கு நேரம் குறைவு, ஓடி ஓடிக் கடிகாரத்தைக் கரைக்க முடியாது, எறிந்தாக வேண்டும். எறிந்தால் பிடிக்கிறவருக்குப் புள்ளி. தோற்கிற அணியிலும் அறுவடை உண்டு என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. ‘கற்பனை’ என்ற சொல் அந்த அடிப்படையையே மறைத்துவிடுகிறது.

இன்னொரு போட்டிச் சொல் ‘கனவு அணி’. கனவு நல்ல தமிழ், காதுக்கும் இனிது, நண்பர்கள் சிலர் அதற்காக என்னோடு வாதாடியிருக்கிறார்கள். ஆனால் கனவு அணி ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிற சொல். எல்லாக் காலத்திலும் சிறந்த 11 பேரைத் தேர்ந்தெடுத்து முன்னாள் ஆட்டக்காரர்கள் பட்டியல் போடுகிறார்களே, அதுதான் கனவு அணி. அதற்குத் தட்டுப்பாடு இல்லை, வேண்டியவரை எடுத்துக்கொள்ளலாம். ஃபேண்டஸி அணி முழுக்க முழுக்கத் தட்டுப்பாட்டில் பிறப்பது. உங்கள் முறை வருவதற்குள் நல்லவர்களை மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். பன்னிரண்டாவது சுற்றில் வேறு வழியில்லாமல் பிரௌன்ஸ் ஆட்டக்காரரை எடுக்கிற ஒருவரிடம் இது உன் கனவு அணி என்று சொல்ல முடியுமா?

‘கனவுருப்புனைவு’ என்று ஒன்றும் இருக்கிறது. மாயமும் மந்திரமும் வருகிற கதை வகைக்கு அது பொருந்தும். அதைக் கொண்டுவந்து கால்பந்தோடு ஒட்டுகிறவர்கள், அகராதியில் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிட்டவர்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். ‘பாவனை அணி’ என்றும் ஒரு யோசனை உண்டு. உடைமையாளர் போல நடிப்பது என்ற பொருளில் அது கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் இலங்கைத் தமிழர்களுக்குப் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். அங்கே இந்தச் சொல் கால் ஊன்றாது.

நான் சொல்வது ‘புனையணி’. ஆட்டத்தைப் புனையணி ஆட்டம் எனலாம், அமெரிக்கக் கால்பந்துக்குப் புனையணிக் கால்பந்து, கிரிக்கெட்டுக்குப் புனையணிக் கிரிக்கெட்.

புனைதல் என்றால் முதலில் தொடுத்தல், கட்டுதல், அழகுறச் செய்தல். மாலை புனைவது நமக்குத் தெரியும். பல செடியில் பூத்ததைப் பறித்து ஒரு நாரில் கட்டுகிறோம். பூ ஒவ்வொன்றும் உண்மை, மாலை நாம் கட்டியது. இந்த ஆட்டத்தில் நடப்பது இதுவேதான்: ஒருவர் கிளீவ்லண்டில், ஒருவர் மயாமியில், ஒருவர் டென்வரில் ஆடுகிறார், அவர்களை ஒரே நாரில் கட்டுகிறவர் நீங்கள். புனைவு என்ற பக்கத்தில் ஃபேண்டஸியின் சாயலும் சொல்லுக்குள் தங்கிவிடுகிறது. ‘அணி’யோ ஆட்டக் குழுவுக்கும் ஆகும், நகைக்கும் ஆகும்.

புனைசுருட்டு என்றும் சொல்கிறோமே, பொய் என்ற வாடை வராதா என்று ஒருவர் கேட்டார். புனைபெயரைப் பாருங்கள் என்றேன். புனைபெயரில் எழுதுகிற ஆள் பொய்யில்லை, கதை பொய்யில்லை, கட்டிக்கொண்ட பெயர் மட்டும் புனைந்தது. அதே உறவுதான் இங்கேயும். எழுதும்போது இரண்டு சுழி ன போடுங்கள், மூன்று சுழி போட்டால் புணை, அதாவது தெப்பம் ஆகிவிடும்.

அந்த மொழிபெயர்ப்பின் தலைப்பில் ஒரு சொல்லோடு தவறு நிற்கவில்லை. ‘கண்ணோட்டம்’ குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர், அங்கே பொருள் இரக்கம். இன்றைய வழக்கில் பார்வைக் கோணம். இரண்டுமே இங்கே ஒட்டவில்லை. வரப் போகிற சீசனில் இந்த அணியிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதுதான் விஷயம். ‘எதிர்பார்ப்பு’ என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?

‘பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள்’ என்பதும் அப்படித்தான். தேர் செய்தால் முதலில் வெள்ளோட்டம் விடுகிற ஊர் நம்முடையது. ஆகஸ்டில் கணக்கில் சேராமல் ஆடிப் பார்க்கிற ஆட்டங்களை வெள்ளோட்ட ஆட்டங்கள் என்று சொல்ல என்ன தயக்கம்? அந்தச் சொல்லில் எச்சரிக்கையும் சேர்ந்தே இருக்கிறது. பிரௌன்ஸ் 2017-ல் வெள்ளோட்டம் நான்கையும் ஜெயித்துவிட்டுத்தான் சீசனில் பதினாறையும் தோற்றது. 2008-ல் டெட்ராய்ட் லயன்ஸுக்கும் இதே 4-0, இதே 0-16.

ஆட்டக்காரர்களை முறை வைத்து எடுக்கிற ‘ட்ராஃப்ட்’டுக்கு ‘வரைவு’ என்று போட்டிருந்தார்கள். வரைவு என்பது சட்ட வரைவு, அறிக்கை வரைவு. ஆள் பிரிப்பதற்கு நம்மிடம் உத்தி பிரித்தல் இருக்கிறது. சமபலமுள்ள இருவர் தள்ளிப் போய், தோளில் கை போட்டபடி ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன். தலைவன் ‘சூரியன்’ என்றால் சூரியன் அவன் பக்கம். ட்ராஃப்ட் முற்றிலும் இதே போல நடப்பதில்லை, அங்கே பெயர் தெரிந்தே எடுக்கிறார்கள், உத்தி தனியாக நின்றால் இன்று தந்திரம் என்றும் பொருள்படுகிறது. ஆனாலும் ‘உத்தி பிரிப்பு’ என்று சேர்த்துச் சொன்னால் ஆள் பிரிக்கிறார்கள் என்பது யாருக்கும் விளங்கும். வரைவு என்றால் ஒருவருக்கும் விளங்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் மதிப்பிடாத நல்ல ஆட்டக்காரரைக் குறிக்கிற ‘ஸ்லீப்பர்’ என்ற சொல்லை ‘உறங்குபவர்’ என்று எழுதியிருந்தார்கள். குடத்திலிட்ட விளக்கு என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அதைச் சுருக்கிக் குடவிளக்கு என்று எழுதித் திருத்தினேன். அந்தக் கட்டுரையில் பொருத்தமான ஆளும் இருந்தார். 2018 பிரௌன்ஸில் ஜார்விஸ் லேண்ட்ரியைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், முந்தைய ஆண்டு மயாமிக்காக 112 பந்து பிடித்து அமெரிக்கக் கால்பந்து லீகிலேயே முதலிடத்தில் இருந்தவர். உண்மையான அணிகள் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கிற உத்தி பிரிப்பில் அந்த ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்ட பேக்கர் மேஃபீல்டைப் பற்றியும் பேசினார்கள். அதே பிரிப்பில் இரண்டாவது சுற்றில் வந்த நிக் சப்தான் குடவிளக்கு, கார்லோஸ் ஹைடுக்கும் டியூக் ஜான்சனுக்கும் பின்னால் காத்திருந்தார்.

செப்டம்பர் 30 அன்று, இந்த ஆட்டத்துக்கு விதி எழுதிய விங்கன்பாக்கின் ரெய்டர்ஸ் அணி ஆடிய ஓக்லண்ட் மைதானத்திலேயே, சப் மூன்றே மூன்று முறை பந்தோடு ஓடினார். 105 கஜம், இரண்டு டச்டவுன். கஜத்துக்கு 10.5, டச்டவுனுக்கு 12, ஆக 22.5 புள்ளி. பிரௌன்ஸ் 45-42 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. சப்பைத் தன் புனையணியில் இறக்கியிருந்தவருக்கு அந்த 22.5 அப்படியே சேர்ந்தது.

தலைப்பைத் திருத்தி அனுப்பிவிட்டேன்: ‘புனையணிக்கு ஆள் எடுக்க பிரௌன்ஸ் பக்கம் போகலாமா? 2018 சீசன் எதிர்பார்ப்பு’. புனையணி என்றால் என்ன என்று முதல் பத்தியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.